உம்மாவுக்குத் தொண்டை கட்டிய கிழமை

மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே, ஒரே மேசையில் வைத்துப் படிப்பிப்பது ரிஸ்னாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. மூத்தவள் நதா லண்டன் ஓ/எல் பரீட்சைக்குப் படிக்கிறாள். கடைக்குட்டி நபீல் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறான். நடுவில் பத்து வயது ஹுதைபா. கொடுத்த கணக்கை விட்டுவிட்டு மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைத் தனி அறையில் இருத்தினால்தான் சரிவரும் என்று நினைத்து, கடையில் கிடந்த சின்ன மேசையைக் கொண்டுவரும்படி கணவன் தாஸிமிடம் சொல்லியிருந்தாள்.

அதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு மூன்று நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்றார் டொக்டர். நதா டீச்சரானாள்.

"ராத்தா, மகாவலி ஆறு ஏன் ஒரே பக்கம் போகுது? திரும்பி வராதா?" என்று அக்காவிடம் கேட்டான் நபீல்.

நதா புவியீர்ப்பிலிருந்து தொடங்கினாள். நபீல் கொட்டாவி விட்டான். ஹுதைபா எழுந்து வெளியே போனான். 'கணக்க முடிச்சிட்டு எழும்பு' என்று அதட்ட வாய் திறந்தாள் ரிஸ்னா. காற்றுத்தான் வந்தது.

அவன் ஒரு தட்டு நிறைய ஈரமணலோடு வந்தான். தட்டின் ஒரு பக்கத்துக்கு நதாவின் அகராதியை முட்டுக் கொடுத்தான். விரலால் வளைந்து வளைந்து ஒரு கோடு கீறி, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினான்.

"பாரு, மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் போகும். வளைவுல வெளிப்பக்கத்த அரிக்கும். உள்பக்கத்துல மணலப் போடும்."

நதா குனிந்து பார்த்தாள். நேற்று முழுக்க அவள் மனப்பாடம் செய்த பாடம் அது.

"இது என்ட புத்தகத்துல ஈக்கிறது. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கத்திக் கத்திப் படிச்சா காதுல விழாதா?"

ரிஸ்னாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. பராக்குப் பார்க்கிறான் என்று எத்தனை தரம் ஏசியிருப்பாள்! பிள்ளை இவ்வளவு நாளும் பாடம் கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறான்.

"இன்னொருக்கா ஊத்து" என்றாள் நதா. நபீல் நெருப்புப் பெட்டியால் பாலம் கட்டினான். கட்டிய கையோடு ஒரு கோப்பைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தான். பாலமும் மணலும் மேசையைத் தாண்டித் தரைக்கு வந்தன. பகல் சாப்பாட்டுக்கு வந்த தாஸிம் அதில்தான் கால் வைத்தார்.

"இது படிப்பா, கட்டட வேலையா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னார்கள். ரிஸ்னா சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சுவரில் இருந்த பாடப் பலகையில் எழுதினாள்: 'மேசை வேணாம்.'

"யா அல்லாஹ், வேன்ல ஏத்தியாச்சே!" என்றார் தாஸிம்.

சனிக்கிழமை, குரல் பாதி திரும்பியிருந்தது. எல்லோருமாக மகாவலிக்குக் குறுக்கே உள்ள கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் போனார்கள். எந்தக் கரையை ஆறு அரிக்கிறது என்று நதாவும் ஹுதைபாவும் சண்டை பிடித்தார்கள். நபீலோ கரையில் வெயில் காய்ந்த, பெரிய உடும்பு போன்ற கபரகொய்யாவைக் காட்டி, "அது முட்டையா போடும், குட்டியா போடும்?" என்று கேட்டான்.

மூத்தவர்கள் இருவரும் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் தெரியாது" என்றாள் ரிஸ்னா கரகரத்த குரலில். "யாரு மொதல்ல கண்டுபிடிக்கிறதுன்னு பாப்பம்."