பதினாறு கிலோ

கோதண்டராமனும் பஷீர் அகமதுவும் மூன்று வருடம் சேர்ந்து ஒரு கார் கட்டினார்கள். அந்த மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் முகம் கொடுத்துச் சிரித்துப் பேசியதைச் செஞ்சியில் யாரும் பார்த்ததில்லை. கார் கோதண்டராமனுடையது. பக்கத்து வல்லத்தில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர், பணத்துக்கும் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை. உழைப்பு பஷீருடையது. அவன் வேலை செய்த ஷெட் அவருடைய மனையில் இருந்ததால், பஷீர் எதிர்த்து ஒன்று சொன்னால், "எடத்தக் காலி பண்ணிட்டுப் பேசு பாய்" என்று முடித்துவிடுவார்.

நசுங்கிக் கிடந்த பழைய ஃபியட்டின் கூரையை அறுத்து, பின்சீட்டைப் பிடுங்கி, இரண்டு பேர் உட்காரும் பந்தயக் காராக ஆக்கியிருந்தான் பஷீர். அவனுக்கு எடைப் பைத்தியம் பிடித்திருந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் மில் தராசில் வைத்துப் பார்ப்பான். கதவுப் பிடிக்குப் பதில் தோல் வார். பிரேக் பெடலில்கூடத் துளை போட்டு நாற்பது கிராம் குறைத்திருந்தான்.

எண்பத்தாறாம் வருடம் மெட்ராஸ் கிளப் ஒன்று செஞ்சியில் கார்ப் பந்தயம் வைத்தது. கோட்டை அடிவாரத்தில் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டுத் திருவண்ணாமலை போய், அவலூர்பேட்டை வழியாகப் பதினொன்றுக்குள் திரும்ப வேண்டும்; முந்தி வருகிற காருக்குக் கோப்பை. ஏற்பாடு பார்க்க வந்த சுந்தரமூர்த்திக்கு மெட்ராஸில் பந்தயக் கார் பட்டறை இருந்தது. அவர் ஷெட்டுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஷீரைத் தனியே கூப்பிட்டு, "இது நேரத்துக்கு வந்து சேந்தா நீ எங்கிட்ட வேலைக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பஷீர் இதை வீட்டில் மட்டும் சொன்னான், கோதண்டராமனிடம் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா.

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கோதண்டராமன் ஷெட்டுக்கு வந்து, காரின் பின்னாலிருந்த ஸ்டெப்னியைத் தன் கையாலேயே கழற்றினார். ஜாக்கியையும் எடுத்து வெளியே போட்டார்.

"இன்னா மொதலாளி இது?"

"பதினாறு கிலோ. ஜாக்கி தனி."

"இன்னிக்கி அவலூர்பேட்டையில சந்த. மாட்டுக்கு லாடம் அடிக்கறவங்க ரோட்டோரமாத்தான் ஒக்காருவாங்க. நாளைக்கி அந்த ரோடு பூரா லாட ஆணியா கெடக்கும். சந்தைக்கி மறுநாளு நம்ம ஊரு லாரிக்காரனே அந்தப் பக்கம் போக மாட்டான்."

"பெடல்ல ஓட்ட போட்டவன் நீ. நாப்பது கிராமுக்கு மூணு நாளு துருவிக்கினு கெடந்த. இப்ப பதினாறு கிலோவ ஏத்திக்கினு போலாம்ங்கற."

"அது வேற, இது வேற."

"ஒண்ணு செய்யி. நீ எறங்கிக்க, ஸ்டெப்னி ஒக்காரட்டும். அதுக்கு வாயில்ல."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். காரில் இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி, இல்லாவிட்டால் அதையும் செய்திருப்பார். பஷீருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னுடைய பைத்தியத்தையே எடுத்துத் தன் தலையில் அடிக்கிறாரே என்றுதான் அதிகம் எரிந்தது.

அவன் மனைவி அசீசுன்னிசாவுக்குத் தாய்வீடு அவலூர்பேட்டை. கழற்றிப் போட்ட ஸ்டெப்னிச் சக்கரத்தைப் பஸ்ஸில் கொண்டுபோய், நாளைக் காலையில் சந்தை ரோட்டில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னான். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"வேல கெடச்சா நீங்க மெட்ராஸ் போயிடுவீங்க. நானு?"

"மொதல்ல நான் போறேன். நீ அம்மாவோட இரு. அப்பறம் பாக்கலாம்."

"அப்பறம்" என்றாள் அவள். மூன்று வருடமாகக் காரைக் கட்டிக்கொண்டு கிடந்தவனின் அம்மாவுக்கு வடித்துக் கொட்டியது அவள்தான். "எடுத்துக்கினு போறேன். குடுக்கறேன்னு சொல்லல."

கண்டக்டரிடம் சண்டை போட்டு, லக்கேஜுக்கு டிக்கெட் வாங்கி, சாயங்காலப் பஸ்ஸில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் கார் பறந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். திருவண்ணாமலையில் திரும்பும்போது பன்னிரண்டு கார்களில் அவர்கள் இரண்டாவது. ஸ்டீரிங் பிடித்திருந்த கோதண்டராமனுக்கு வாய் ஓயவில்லை. "பாத்தியா பாய், பாத்தியா" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். பஷீர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். அவலூர்பேட்டைச் சந்தை மேட்டைத் தாண்டும்போது காரின் பின்பக்கம் இடதுபுறமாக இழுத்தது, பிறகு உட்கார்ந்தே போனது.

இறங்கிப் பார்த்தால் டயரில் லாட ஆணி. கொண்டை தேயாத புது ஆணி.

கோதண்டராமன் ஆணியைப் பார்க்காமல் பஷீரைப் பார்த்து முறைத்தார். "வாய வெச்சல்ல" என்றார்.

இருபது அடி தள்ளிப் புளியமரத்தடியில் அசீசுன்னிசா சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். பஷீர் ஓடினான். அவள் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரு. மணி பத்தே கால்."

"நானு?"

"இப்ப இன்னா பேச்சு இது?"

"இப்பதான் பேச முடியும். நேத்து பாத்திரத்துக்கிட்ட பேசினேன். காரு நேரத்துக்குப் போயி மெட்ராஸ் பட்டறையில வேல கெடச்சா என்னெயும் கூட்டிக்கினு போறேன்னு இங்க சொல்லுங்க. இல்லன்னா பதினொரு மணி வரைக்கும் ஒக்காந்திருப்பேன்."

பஷீருக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. "சரி, கூட்டிக்கினு போறேன்" என்றான்.

"அல்லா மேல?"

"அல்லா மேல."

அவள் எழுந்தாள். பஷீர் திரும்பினான். பின்னாலேயே கோதண்டராமன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மெட்ராஸ் பட்டறையா" என்றார், மெதுவாக. அவர் வாய் மூடியதைப் பஷீர் அன்றுதான் முதல்தடவை பார்த்தான்.

ஜாக்கி இல்லை. அதையும் கொடுத்தனுப்பப் பஷீருக்குத் தோன்றியிருக்கவில்லை. சந்தையில் மிச்சம் கிடந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த நாலு பேரை அசீசுன்னிசா கூப்பிட்டாள். பின்பக்கத்தைப் பிடித்து மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். கடலை மூட்டை மாதிரி எழும்பி வந்தது கார். பஷீர் நாலு நிமிடத்தில் சக்கரத்தை மாற்றினான். பஞ்சரான சக்கரத்தைக் காரில் ஏற்றப் போனவனைக் கோதண்டராமன் தடுத்தார்.

"வெயிட்டு" என்றார். "கீழ போடு."

அது மண்ணில் விழுந்தது. கார் புறப்பட்டது.

புறப்பட்டு ஊர் எல்லை தாண்டியதும் வேகம் குறைந்தது. பஷீர் ஆக்ஸிலரேட்டரைப் பார்த்தான். அதன் மேல் கோதண்டராமனின் செருப்பு பூ வைத்ததுபோல் இருந்தது.

"மொதலாளி, இன்னா பண்றீங்க?"

"இஞ்சினு சூடா இருக்குது பாய்."

"சூடு ஒண்ணும் இல்ல. போங்க."

"அவசரம் இன்னா. காத்து நல்லா வருது."

பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. பஷீர் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு ஸ்டீரிங்கில் கை வைத்தான். கோதண்டராமன் அவன் கையைத் தட்டிவிட்டார். கோப்பை போனாலும் பரவாயில்லை, இவன் மெட்ராஸ் போகக்கூடாது என்பது அவர் கணக்கு. மூன்று வருடம் கிராம் கிராமாகச் சுரண்டிக் குறைத்த கார், மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஊர்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு அவலூர்பேட்டை டவுன் பஸ் வந்து காரை முந்திப் போனது.

அடிவாரத்துக்கு வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து.

சுந்தரமூர்த்தி கடிகாரத்தை மூடினார். "என்ன ஆச்சு?"

"பஞ்சரு சார்" என்றார் கோதண்டராமன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "ஸ்டெப்னிய வைக்கச் சொன்னேன். பாய் வெயிட்டு வெயிட்டுன்னு கழட்டிட்டாரு. எங்கயோ சக்கரத்தத் தேடிப் புடிச்சி மாட்றதுக்குள்ள நேரமாயிடுச்சி."

பெடலில் துளை போட்டவன்தான் ஸ்டெப்னியையும் கழற்றியிருப்பான் என்று யார்தான் நம்பமாட்டார்கள்?

"பொய்யி" என்றது ஒரு குரல்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே பஞ்சரான சக்கரத்தை உருட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி அசீசுன்னிசா வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது, கையெல்லாம் கருப்பு. சக்கரத்தைச் சுந்தரமூர்த்தியின் காலடியில் சாய்த்தாள். ஆணி இன்னும் அதிலேயே இருந்தது.

"சந்தைக்கி மறுநாளு ஆணி இருக்கும், ஸ்டெப்னி வேணும்னு சொன்னவரு இவரு. கழட்டினவரு அவரு. ஷெட்டு வாசல்ல நின்னு சிரிச்சவங்க இங்கயே இருக்காங்க, கேளுங்க. மாத்துச் சக்கரத்த நேத்தே பஸ்ஸுல சொமந்துக்கினு போயி ஒக்காந்தவ நானு. பத்தரைக்குள்ள மாட்டிட்டாங்க. அப்பறம் இந்தக் காரு எவ்ளோ வேகமா வந்துச்சின்னா, நானு வந்த டவுன் பஸ்ஸு இத முந்திக்கினு வந்துச்சி."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் கூட்டமே சிரித்தது. கோதண்டராமன் கழுத்து சிவந்தது.

சுந்தரமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஜாக்கி?" என்றார்.

"அதையும் கழட்டிட்டாரு. மூட்ட தூக்கறவங்க நாலு பேரு தூக்கினாங்க."

"நாலே பேரா?"

அவர் தன் ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு காரின் பின்னால் போனார். இருவரும் குனிந்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அப்படியே சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு இறக்கினார். கையைத் தட்டிக்கொண்டு கோதண்டராமனைக் கேட்டார். "இவ்வளவு எடை குறைச்சது யாரு? நீங்களா?"

கோதண்டராமன் மலையைப் பார்த்தார்.

"கார் நேரத்துக்கு வரல. அதனால கோப்பை இல்ல" என்றார் சுந்தரமூர்த்தி. பஷீர் பக்கம் திரும்பினார். "நீ திங்கக்கெழம வந்துடு."

"இன்னிக்கே என் எடத்தக் காலி பண்ணுடா" என்றார் கோதண்டராமன்.

பஷீர் சுந்தரமூர்த்தி பக்கமே திரும்பி நின்றான். "ரெண்டு பேரு தங்க அங்க வீடு கெடைக்குமா சார்?" என்று மட்டும் கேட்டான். அசீசுன்னிசா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் பஞ்சரான சக்கரத்தைத் தூக்கினாள். யாரையும் கை வைக்க விடவில்லை. இடுப்பில் முட்டுக் கொடுத்துக் கொண்டுபோய், காரில் தன் புருஷன் உட்கார்ந்து வந்த இடத்தில் வைத்தாள்.

"சக்கரம் உங்களுது மொதலாளி" என்றாள். "பஞ்சர் ஒட்ட வேற ஆளப் பாத்துக்குங்க."