அக்காவின் பெயரில்

பிணவறைப் பதிவேட்டில் அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மேலாளர் போனில் கூப்பிட்டார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தப்பா நினைக்காதப்பா. உங்க அக்காவோட லாகின் கணக்கை இன்னிக்கே மூடணும். நீ வேண்டாம், வேற யாரையாவது செய்யச் சொல்றேன்."

"நானே செஞ்சிடறேன் சார்."

அக்காவின் கணவர், மாமா, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அக்காவின் கைப்பை. அமரர் ஊர்தி வர நேரமாகும் என்றார்கள். "மேல போயிட்டு வந்துடறேன் மாமா" என்றான். தலையை மட்டும் ஆட்டினார்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அக்கா நர்ஸ். அவன் கணினிப் பிரிவில். யாருக்கு லாகின் கொடுப்பது, எந்தக் கணினியை யார் திறக்கலாம் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. "வாட்ச்மேன் வேலைதான், ஏசி ரூம்ல உக்காந்து பாக்கறான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நேற்று வேலை முடிந்ததும் உடை மாற்றும் அறையில் சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. விடிந்ததும் போய்விட்டாள்.

தன் இருக்கையில் உட்கார்ந்து அவள் பெயரைத் தட்டினான். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மூன்றாம் மாடி வார்டு, மருந்து வண்டிக் கணினி. அக்கா வேலையில் இருக்கிறாள் என்றது திரை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெயரில் ஓர் ஊசி பதிவானது.

படியேறி ஓடினான். வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். கழுத்தில் அக்காவின் அடையாள அட்டை, படம் தெரியாதபடி திருப்பிப் போட்டிருந்தது.

"கழட்டுங்க அதை!"

அவள் அட்டையைக் கையால் பற்றிக்கொண்டாள். "அக்காதான் சார் குடுத்தாங்க. உனக்கு லாகின் வர்ற வரைக்கும் வச்சுக்கோன்னு, ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் குடுத்துட்டுப் போவாங்க. நேத்தும் குடுத்துட்டுத்தான்..." அதற்கு மேல் அழுகை. "இது இல்லேன்னா வண்டி திறக்காது சார். பாதிப் பேருக்கு இன்னும் மருந்து போடல."

அந்தப் பெண்ணின் விண்ணப்பம் ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்தது அவனுக்குத் தெரியும். அக்கா தினமும் நச்சரித்தாள்.

"டேய், அந்தப் புள்ளைக்கு ஒரு லாகின் போட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"மேல கையெழுத்தாகணும்க்கா. இல்லாம செஞ்சா என் வேலை போயிடும்."

"போனா போகட்டும், நான் சோறு போடறேன்."

கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஊசி எப்பம்மா?"

கணக்கை மூடினால் வண்டி பூட்டிக்கொள்ளும். மூடாவிட்டால் செத்தவள் மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஏதாவது தப்பு நடந்தால் அதுவும் அவள் தலையில் விழும்.

வார்டு மேஜைக் கணினி முன் உட்கார்ந்தான். "உங்க பேரைச் சொல்லுங்க." ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டான். "அட்டை அப்புறம் வரும். இப்போதைக்கு பாஸ்வேர்டு போட்டுத் திறங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க, எவ்வளவு வேண்டியவங்களா இருந்தாலும்."

அவள் தப்பாக அடித்து, மறுபடி அடித்தாள். வண்டி திறந்தது. பெரியவருக்கு ஊசி போட்டு முடித்ததும் திரையில் புது நர்ஸின் பெயர் வந்தது. அதன் பிறகுதான் அக்காவின் கணக்குக்குப் போனான். நிச்சயமாக மூடவா என்று கேட்டது. அழுத்தினான்.

மேலாளரைக் கூப்பிட்டான். "மூடிட்டேன் சார். ஒப்புதல் இல்லாம புதுசா ஒண்ணு திறந்தும் விட்டிருக்கேன்."

"அதுக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்ப்பா."

"சொல்றேன் சார்."

கீழே அமரர் ஊர்தி வந்திருந்தது. "இந்த நேரத்துல அப்படி என்னப்பா வேலை?" என்றார் மாமா.

"புதுசா வந்த பொண்ணுக்கு ஒரு லாகின் போடணும்னு அக்கா சொல்லிட்டிருந்தா."

"என்கிட்டயும் பொலம்பினா."

இருவரும் பின்னால் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வாசலை ஒட்டியிருந்த வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. போர்த்தியிருந்த துணி விலகியது. அவன் குனிந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வேகத்தடைக்கு ஓட்டுநர் மெதுவாகத்தான் போனார். அவன் கையை எடுக்கவில்லை.