புற்றடியில் சுண்டல்

சுண்டல் அசல் தெருநாய். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்களுக்கு அடியில் வளர்ந்தது. எறும்புத்தின்னியின் எச்சத்தை மோந்து கண்டுபிடிக்க அதைப் பழக்கியவள் மதிவதனி. மலைக்காட்டில் எறும்புத்தின்னி மிச்சமிருக்கிறதா என்று ஆராயும் மொஹ்சினிடம் அவளுக்கு வேலை. நல்ல மனிதர்தான், தெருநாய் மேல்தான் நம்பிக்கையில்லை.

"இன்னிக்கும் ஒண்ணும் கிடைக்கலன்னா பெங்களூர்லேர்ந்து லேப்ரடார் வந்துரும், மதி," என்று காலையிலேயே சொல்லிவிட்டார். வேலை போனால் சுண்டல் மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். வேலை நாய் என்பதால்தான் மதிவதனியின் வாடகை வீட்டு ஓனர் அதை உள்ளே விட்டிருந்தார்.

அடி அண்ணாமலை அருகே, கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு புற்றடியில் சுண்டல் மோந்தது, மோந்தது, சட்டென்று உட்கார்ந்தது. கண்டுபிடித்தால் அசையாமல் உட்கார வேண்டும் என்பது பழக்கம்.

"சார், வாங்க!" என்று கத்தினாள். பின்தங்கியிருந்த சார் வருவதற்குள் பௌர்ணமிக் கூட்டம் வந்துவிட்டது. புற்றுக்கு முன்னால் கண்ணிமைக்காத நாய்! சும்மா விடுவார்களா? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பைரவரே வந்து குந்தினுகீறாரு!" பூக்கடை தனம் பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கப் போனாள்.

பால் ஊற்றினால் மண்ணுக்குள் இருப்பது கரைந்துபோகும். இங்கே அறிவியல் பேசி எடுபடுமா? மதிவதனி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, அபிஷேகம் அப்புறம் பண்ணுங்க. தவம் கலைஞ்சா கோவம் ஜாஸ்தியாயிடும்!"

கூட்டம் மரியாதையாகப் பின்வாங்கியது. மூச்சிரைக்க ஓடிவந்த மொஹ்சின் மண்டியிட்டு விரலால் மண்ணைக் கிளறினார்.

"சாருக்கும் அருள் வந்துடுச்சு," என்றார் ஒருவர்.

மண்ணுக்குள் கறுப்பாக ஒரு கட்டி இருந்தது. அதை உடைத்தார். உள்ளே முழுக்க எறும்புத் தலைகள்.

"புதுசு, மதி! எறும்புத்தின்னி இங்க இருக்குது! இருக்குது!"

மதிவதனி சிரித்தபடியே அழுதாள். சுண்டல் மட்டும் அசையவில்லை; கூலி வராமல் அது எழாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்த பந்தை எடுத்து வீசினாள். பைரவர் நாலுகால் பாய்ச்சலில் பக்தர்களின் கால்களுக்கிடையே பாய, ஒரே கூச்சலும் சிரிப்பும்.

"தவம் முடிஞ்சிதுல்ல? இப்ப குடிக்கட்டும்," என்று தனம் பாலைத் தேங்காய்த் தொட்டியில் ஊற்றினாள்.

மொஹ்சின் ஆபீஸுக்குப் போன் போட்டார். "லேப்ரடார் வேணாங்க. எங்க நாயே போதும்."

அவர் அதை "எங்க நாய்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.