கொல்லாமாவிளையின் பூட்டிய வீடுகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. குமரி மாவட்டத்தில் கொல்லாமாவிளை என்றொரு சின்னப் பேரூராட்சி. (தேடாதீர்கள், நான் உண்டாக்கியது.) பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆளில்லாத ஊருக்குத் தனி ஆட்சி எதற்கு, பக்கத்து நகராட்சியோடு சேர்த்துவிடலாம் என்று மேலே முடிவு செய்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ரப்பர் மரங்களுக்கு நடுவே காலம் மறந்துபோன ஒரு சிற்றூர்…’ அடித்துவிட்டேன். காலம் எதையும் மறக்கவில்லை, வீட்டு வரியை ஒழுங்காகத்தான் வாங்குகிறது. திருவிதாங்கூரில் இருந்தபோதும் ஊருக்கு இதே பெயர், தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இதே பெயர். வரலாறு இவ்வளவு போதும்.

2

நாலாம் வார்டு உறுப்பினர் டெல்சிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இணைப்புத் தீர்மானத்தில் மன்றம் சரிபாதியாக நிற்கிறது. அவள் கைதான் மிச்சம்.*

“வீடு வீடா போயி பாத்தாச்சு. ஆளில்ல. கைய தூக்கு மக்கா” என்றார் தலைவர் ஜெபதாஸ்.

“என்னைக்கி போயி பாத்தாவ? அசனத்தன்னைக்கு! அன்னைக்கி எவன் வீட்டுல இருப்பான்? ஊரே சபைல தேங்கா திருவிட்டு இருந்துது. ஜுபைதா பீவிகூட அங்கதான் உள்ளி உரிச்சா.”

அசனம் என்னும் தேவாலயப் பொது விருந்தன்று ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும் என்பது வெளியூரிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் ஜெபதாஸ். அவர் வாய் திறக்கவில்லை என்பதுதான் டெல்சிக்கு ஆறவில்லை.

* சரிபாதியாக்கியது நான். கதைக்கு வசதி.

3

ஆனால் எனக்கே ஒரு சந்தேகம். அசனம் முடிந்த மறுநாளும் பல வீடுகள் பூட்டித்தானே கிடந்தன? கத்தார், மஸ்கட், பெங்களூர். நியாயமாகப் பார்த்தால் டெல்சி தோற்கவேண்டும். எழுதிப் பார்த்தேன்: ‘டெல்சி மெல்லக் கையை உயர்த்தி…’

“ஏலே, யாருக்க கைய தூக்குக?” என்று என்மேல் பாய்ந்தாள்.

“பாதிப்பேரு வெளிநாட்டுலதானே, அக்கா?”

“இருக்கட்டும். ஒவ்வொருத்தன் பேருக்கும் ஒரு பிடி அரிசி அசனத்து அண்டாவுல விழுந்துதா இல்லியா? ராகேல் கத்தார்லேந்து போன் போட்டு, எனக்க பிடிய போட்டியாக்கான்னு கேக்கா. ஊரு வேண்டாம்னா கேப்பாளா?” என் பக்கம் விரலை நீட்டினாள். “ஒனக்கும் போட்டேன். நீ கேக்கல்ல.”

(ஊரை உண்டாக்கியவன் நான் என்று சொன்னேன். அதிலுள்ள பூட்டிய வீடுகளில் ஒன்று என்னுடையது என்று சொல்லவில்லை.) வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. கை தூக்கிய வரியை அடித்துவிட்டேன்.

4

தீர்மானம் தோற்று ஊர் பட்டாசு வெடிப்பது ஒரு முடிவு. சினிமா, வேண்டாம். ஊர் ஒரு வார்டு எண்ணாகச் சுருங்குவது இன்னொன்று. அதை எழுதமாட்டேன், யார் கேட்டாலும்.

கூட்டம் தொடங்கிவிட்டது. “ஆதரிக்கியவங்க கை தூக்குங்க” என்கிறார் ஜெபதாஸ். டெல்சி இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள். உங்கள் வீடும் எங்கோ பூட்டிக் கிடக்கலாம். உங்கள் பேருக்கும் யாரோ ஒரு பிடி அரிசி போட்டிருப்பார்கள்.

அவள் தூக்கமாட்டாள். தூக்குவதானால் நீங்கள் தூக்குங்கள்.