வில்லிக்கு உயிர்ப்பிச்சை

லிப்டில் நின்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் தவமலரைக் கண்டதும் வீரிட்டாள். "டோன்யா செவேரா!" என்று கத்திக்கொண்டே போனை நீட்டினாள். அழுக்கு விரிப்பு வண்டியோடு நின்ற தவமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்பிக்குப் பல்லைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரி லோண்டரிக்கு ஓடினாள்.

"மரிவிக் அக்கா, ஆர் அந்த டோன்யா செவேரா?"

கொதிக்கிற இஸ்திரி உருளைக்கு அந்தப் பக்கம் மரிவிக்கின் கை அப்படியே நின்றது. இருவருக்கும் பொது மொழி உடைந்த இங்கிலீஷ்தான். ஆனாலும் விளங்காமல் போனதில்லை. மணிலாவில் மரிவிக் பேர்போன எழுத்துக்காரி. தகாலோக் மொழியில் காதல் நாவலும் கொமிக்ஸ் படக்கதையுமாக எழுதித் தள்ளியவள். கொமிக்ஸ் பத்திரிகைகள் படுத்ததும் லண்டனுக்கு வந்து விரிப்பு மடித்தாள், எழுத்தை விடவில்லை. இப்போது அவள் எழுத, ஊரில் ஒருத்தன் படம் கீற, சனம் வாராவாரம் போனில் விழுந்து விழுந்து வாசிக்கிறது.

"வில்லி," என்றாள் மரிவிக். "கொடுமைக்கார மாமி. மீன் பக்டரிக்காரி. படம் கீறுறவன் ஒரு முகம் கேட்டான். கிறிஸ்மஸ் பார்ட்டியில எடுத்த உன்ர படத்தை அனுப்பிப்போட்டன். கோவிக்காதை."

தவமலர் போனைப் பார்த்தாள். முத்துமாலை, விறைத்த பட்டுச் சட்டை, மருமகளின் மூக்குவரை நீட்டிய விரல்.

"கோவமோ? என்ர கலியாணப் படத்திலகூட நான் இவ்வளவு எடுப்பாயில்லை, அக்கா!"

"ஆனா வெள்ளிக்கிழமை நீ சாகிறாய்."

தவமலர் உருளையை நிறுத்தினாள். சூப்பர்வைசர் பாஸ்கரன் தூரத்திலிருந்து கத்தினான்.

"பொறுங்கோ அண்ணை, இஞ்ச உயிர் போகுது! எப்பிடி அக்கா சாகிறன்?"

"மீன் அவிக்கிற கொப்பரைக்குள்ள விழுந்து. வாசகர் அதைத்தான் கேக்கினம்."

"மீனோடயோ? ஏலாது! இப்பதானே பேர் எடுத்தனான்!"

மரிவிக் நாடியைச் சொறிந்தாள். "எங்கட தொழிலில ஒண்டிருக்கு. பிணத்தைப் படத்தில கீறிக் காட்டாட்டி ஆள் சாகேல்லை."

"எங்கட டிவி நாடகத்திலயும் அதுதான்! அப்ப கடலுக்குள்ள தள்ளிவிடுங்கோ. கை மட்டும் தெரியட்டும்."

"கை எப்பிடித் தெரியவேணும்?"

தவமலர் மேசையில் ஏறினாள். கீழே குவிந்து கிடந்த வெள்ளை விரிப்புகளுக்குள் "ஐயோ!" என்று மல்லாக்க விழுந்து, ஐந்து விரலையும் விரித்து உயர்த்தினாள். மரிவிக் படமெடுத்து மணிலாவுக்குத் தட்டிவிட்டாள். ஓடிவந்த பாஸ்கரன் குவியலுக்குள்ளிருந்து முளைத்த கையைக் கண்டு திகைத்து, அம்புலன்சுக்குப் போன் அடிக்கப் போனான். இருவரும் சிரித்த சிரிப்பில் மரிவிக்கிற்கு விக்கல் பிடித்தது.

வெள்ளிக்கிழமை நர்ஸ்மார் தவமலரை வழிமறித்தார்கள். "செத்திட்டாளா?"

"கடலிட்டக் கேளுங்கோ!" என்று தலையை வெட்டிக்கொண்டு நடந்தாள்.

இல்ஃபோர்ட் வீட்டில் புருஷன் கிருஷ்ணராசா கடலுக்கு மேல் கை மட்டும் தெரிந்த அந்தப் படத்தைப் போனில் உற்றுப் பார்த்தான். "உனக்கு நீந்தவே தெரியாதே. பிறகெப்பிடித் திரும்பி வருவாய்?"

சனிக்கிழமை தவமலர் கவுன்சில் நீச்சல் குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள். "மெதுவாய்ப் பழகலாம்," என்றாள் பயிற்சிக்காரி.

"மெதுவாய் ஏலாது," என்றாள் தவமலர். "மருமகள் இப்ப பக்டரியை விக்கப்போறாள்."

காலை உதைத்தாள். பயிற்சிக்காரி தலைமுதல் கால்வரை நனைந்தாள்.