கடப்பாரை இறங்கிய இடம்

கடப்பாரை சதக்கென்று மண்ணில் இறங்கியபோதே தேவேந்திரனுக்குச் சந்தேகம் தட்டியது. பிடுங்கிப் பார்த்தால் முனையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் சிம்பு. போன மாசியில் ஐயம்பேட்டைத் தெருவைத் தோண்டிப் புதைத்தார்களே, அந்த இன்டர்நெட் கேபிள்.

அவரையும் எப்படிக் குற்றம் சொல்வது? நெசவுக்கான நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட, அவர் அப்பா காலத்திலிருந்து முளை அடிக்கிற இடம் அது. கேபிள்தான் நேற்று வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

தெருவில் ஈ காக்காய் இல்லை. அவசரமாக அந்தக் குழியிலேயே முளையை அறைந்து, மண்ணைத் தள்ளி மிதித்தார். உதவிக்கு ஆட்கள் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல, தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவினார். காயும்வரை அது விறைப்பாக நிற்க வேண்டும். தளர்ந்தால் இழையோடு இழை ஒட்டி அத்தனையும் குப்பை.

மனசு மட்டும் கேபிளிலேயே இருந்தது. சென்னையில் வேலை பார்த்த மகள் இளவரசி, கேபிள் வந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அவளைப் போலச் சிலர் வந்ததில் மூடிக்கிடந்த டீக்கடைகூடத் திறந்துவிட்டது. மனைவி போன பிறகு பேச்சுத்துணை இல்லாமல் கிடந்தவர், இப்போதுதான் மனுஷனாக இருக்கிறார். ஆனால் அவள் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தடவை மீட்டிங்கில் லைன் போனால் சென்னைக்கே வந்துவிட வேண்டும். இன்று மத்தியானம் மீட்டிங்.

லைன்மேன் குமாரவேல் மீட்டரோடும் தோண்டும் ஆட்களோடும் வந்தான். "இந்தத் தெருவுலதான் எங்கியோ அறுந்துகினு இருக்குது" என்றவன், பாவைப் பார்த்ததும் ஒதுங்கினான். நீட்டிய பாவின் மேல் இந்த ஊரில் எவனும் கை வைக்க மாட்டான். "நீங்க காய வைங்க அண்ணே, நாங்க அந்தாண்ட தோண்டறோம்."

அந்த மரியாதை தேவேந்திரனைச் சுட்டது. வெயில் ஏறியது. அவர்கள் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். வாசலில் இளவரசி போனைப் பார்த்தபடி முகம் வெளுத்து நின்றாள். அவளில்லாத வீடு அவர் கண்முன் வந்தது.

போய் முளையைப் பிடுங்கினார். ஈரப் பாவு தொய்ந்து புழுதியில் விழுந்தது.

"இங்க தோண்டுப்பா. நான்தான் அறுத்தேன்."

மீட்டிங்குக்கு முன்னால் லைன் வந்துவிட்டது. வேலை முடிந்து இளவரசி வெளியே வந்தபோது, அவர் ஒட்டிப்போன இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அறுத்தேன்னு தெரிஞ்சா நீ என்ன நெனப்பியோன்னு பயந்துட்டேம்மா. அதான் மறைச்சேன்."

"நீ மண்ணு தள்ளனத காலையிலயே ஜன்னல்ல பாத்தேன்பா."

"பாத்தியா? அப்புறம் ஏன் கேக்கல?"

"கேபிள் போடறப்போ தெருவ நாசம் பண்றாங்கன்னு அவ்ளோ திட்டின. என்னை அனுப்பறதுக்குன்னே அறுத்துட்டியோன்னு பயந்துட்டேன். துணியெல்லாம் பையில எடுத்து வெச்சுட்டேன்."

தேவேந்திரன் எழுந்தார். பாவை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். அந்தப் பையைத் திறந்து, அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் அடுக்கினார்.