குமிழ் நகரவில்லை, சுழல் நின்றது

டுலூத் நகரத்துப் பனியில் ட்வைலாவின் வீட்டு பேஸ்மென்ட் குளிர்ந்து கிடந்தது. ஓடவிட்டுப் போன காந்தக் கலக்கி மூன்றாவது நாளாக இன்றும் நின்றுபோயிருந்தது. குடுவையின் அடியில், பியரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் வெண்ணெய்போலப் படிந்திருந்தது.

சனிக்கிழமை பியர் காய்ச்சியாக வேண்டும். மாநிலப் போட்டிக்கு, வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பியர்தான் போகும். ஓயாமல் கலக்கினால்தான் ஈஸ்டுக்குக் காற்று கிடைக்கும், பெருகும். பெருகாவிட்டால் போவது கோர்டியின் பியர். கோர்டி பக்கத்து வீட்டுக்காரன். காய்ச்சும் அண்டா இருவருக்கும் பொது என்பதால் அவனிடமும் பேஸ்மென்ட்டுக்கு ஒரு சாவி இருந்தது.

கலக்கி அவளே செய்தது. பழைய கம்ப்யூட்டர் விசிறியின் தலையில் இரண்டு காந்தங்கள், குடுவைக்குள் ஒரு காந்தக் குச்சி. விசிறி சுற்றினால் குச்சியும் சுற்றும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். மெதுவாக ஓட்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு: குமிழை முழுக்கத் திருப்பி விசிறியை எழுப்பிவிட்டுப் பிறகு இறக்க வேண்டும். ஓடுகிற விசிறிக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். நின்ற விசிறியைக் கிளப்ப அது போதாது.

நேற்று குமிழில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தாள். குமிழ் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. அப்படியானால் யாரோ பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகியிருக்கிறார்கள். சாவி வேறு யாரிடம் இருக்கிறது?

கலக்கியை ஓடவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குக் கோர்டி வந்தான்.

"என்ன ட்வைலா, சொந்த வீட்டுக்கே வாட்ச்மேனா?"

"சிலபேர்கிட்ட சாவியக் குடுத்தா அப்படித்தான். எதுக்கு வந்தே?"

"பாட்டில் மூடி போடுற மெஷின் எடுக்க."

"எடு. கைய மட்டும் நான் பாக்குற எடத்துல வச்சுக்க."

"அட, உன் ஈஸ்ட நான் திங்கவா போறேன்? எனக்கே வீட்ல ஒரு குடுவை ஓடுது."

"அது மட்டும் நிக்காம ஓடுது பாரு."

'டிக்' என்றது. குடுவையின் சூட்டை அளவாக வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. குடுவைக்குள் சுழல் தளர்ந்து மூடிக்கொண்டது. கோர்டி எட்டடி தள்ளி நின்றான், இரண்டு கைகளிலும் மெஷின். கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டிக்'. விளக்கு எரிந்தது. விசிறி ஒருமுறை துடித்தது, கிளம்பவில்லை.

ட்வைலா ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். குளிருக்காகக் குடுவையில் கட்டிய சூட்டுப் பட்டையின் பிளக்கும் கலக்கியின் பிளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. அந்த பாக்ஸ் சூட்டுப் பெட்டியில் செருகியிருந்தது. செருகியவள் அவளேதான். சூடு போதும் என்றதும் பெட்டி இரண்டையும் சேர்த்து அணைத்திருக்கிறது. இறக்கி வைத்த குமிழ் வழியே திரும்பி வந்த கொஞ்ச மின்சாரத்தால் விசிறியை எழுப்ப முடியவில்லை.

"அப்ப நான் நல்லவன்தானா?" என்றான் கோர்டி.

"இதுல மட்டும்." கலக்கியின் பிளக்கைச் சுவரில் மாட்டினாள். "ரெண்டு நாள்ல இது தேறாது."

"என்னோடதுல பாதி ஊத்தித் தரேன். ஒரே ஈஸ்ட்தானே?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் ஜெயிக்க நீ தர்றியா? என்னத்தக் கலந்து வச்சிருக்கே?"

"வந்து மோந்து பாரு!"

"மோந்தா பத்தாது. என் முன்னாடி நீ ஒரு வாய் குடிக்கணும்."

பூட்ஸை மாட்டிக்கொண்டு, காலிக் குடுவை ஒன்றைக் கொதிநீரில் கழுவி எடுத்து, அவன் பின்னாலேயே பனியில் இறங்கினாள்.